பாதை

திரையில் அரசரெத்தினத்தின் தலை,
பாண் வெட்டினது மாதிரித் துண்டு துண்டாய்.
நூற்றிருபது துண்டு. ஒன்றிலும் இரத்தக் கசிவில்லை.
இடப்பக்கம், நீண்ட பள்ளம் மேலேறிக்
கிறுகி முடிகிற இடத்தில்
ஒரு வெள்ளைப் பொட்டு, மஞ்சாடிக் கொட்டை அளவு.

அவருக்கு எல்லாம் விளங்குது.
கேட்டால் பதில் வருது, பகிடியோடு.
சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லத்தான் ஏலாது.
"தோணி" என்றாள் பஸ்மிலா.
"தோதி… தோ…
அதுதான் பிள்ளை, நீட்டாக் கிடக்குமே,
தண்ணியில போறது. எண்ட அப்பருக்கும் ஒண்டு இருந்தது."

பஸ்மிலாவின் தாளில் இரண்டே கட்டம்:
சரி, பிழை.

நான் படம் எடுக்கிறவள். அறிக்கை எழுதுவது டாக்குத்தர்மார்.
படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன்
மூளை மடிந்தது இடம் போதாமல் என்று;
வார்ட்டுக்கு வருகிறவர்கள் பைக்குள் சாரனைத் திணிப்பதுபோல.
பெரிய புறணி, சின்ன மண்டையோடு, வேறென்ன செய்யும்?
மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள்தான் கிடக்குது.

மறுகா வாசித்தேன் இன்னொரு கதை:
ஓயாமல் பேசிக்கொள்ளும் இரண்டு இடங்களை
இடையே ஓடும் இழைகள் இழுத்துப் பிடிக்குமாம்.
இழுபட்டு இழுபட்டு அது மேடாகுமாம்.
பேச்சுவார்த்தை குறைந்தவற்றின் நடுவே பள்ளம் விழுமாம்.

அதையும் மறுக்கிறவர்கள் உண்டு.
எவரும் இழுக்கவில்லை,
மேற்பரப்பு உள்ளிருப்பதைவிட வேகமாய் வளர்ந்தது,
தானாய் நெளிந்தது,
நெளிவு பார்த்து இழை பிறகு ஓடியது என்கிறார்கள்.
இன்னும் தீரவில்லை.

எனக்கு இந்த வழக்கு பழசு. நான் மண்டூர்ப் பெட்டை.
எங்களுக்கும் குருமண்வெளிக்கும் நடுவில் வாவி.
கூப்பிட்டால் கேட்காது.
ஆனால் அங்கால எரிகிற ட்யூப்லைட் தெரியும்.
தரை வழியே வந்தால் வெல்லாவெளி, பட்டிருப்புப் பாலம், களுவாஞ்சிக்குடி,
கரையின் மடிப்பெல்லாம் தடவித் தடவி வரும் பஸ்.
அதனால் எங்கள் பக்கம் பாதை என்றால் ரோட்டில்லை,
மிதக்கிற சாமான்.
இரும்புத் தட்டு, இரைகிற இயந்திரம்,
பத்துப் பன்னிரண்டு மோட்டார்சைக்கிள், நெல்லோடு ஒரு லாண்ட்மாஸ்டர்,
கயிற்றைப் பிடித்தபடி அரசரெத்தினம்.
என்னை அவருக்கு ஸ்கூட்டியின் நிறத்தில்தான் தெரியும்.

அக்கரையில் சம்பந்தம் செய்ததால் பாதை வந்ததா,
பாதை வந்ததால் சம்பந்தமா?
அம்மாவைக் கேட்டால் ஒன்று, அப்பாவைக் கேட்டால் மற்றது.
கூறைப்பெட்டி மட்டும் தண்ணியால்தான் வந்ததாம்.

படத்தை இன்னொரு முறை உருட்டினேன்.
மடிப்பின் இரண்டு கரையும் முகம் பார்த்தபடி,
நடுவில் உண்மையாகவே தண்ணி,
இந்தப் படத்தில் கறுப்பாய்.
ஒட்டாத குறைதான். ஆனாலும் நேரே தாண்ட வழியில்லை.
பள்ளத்தின் அடியால் வளைந்து
அந்தப் பக்கம் ஏறுகிறது இழை.
பொட்டு விழுந்தது கரையில் கொஞ்சம்,
மிச்சமெல்லாம் அடியில்.
கேட்கிற ஊரும் இருக்குது, சொல்கிற ஊரும் இருக்குது.
பாதைதான் கட்டியபடி நிற்குது.

மறுநாள் வார்ட்டுக்குப் போனேன். எனக்கங்கே வேலை இல்லை.
"சிவப்பு ஸ்கூட்டி" என்றார்.
பஸ்மிலா தாளைத் திருப்பினாள்.
"குருமண்வெளி. சொல்லுங்க."

கண்ணை மூடினார்.
உதடு 'கு'வுக்குக் குவிந்து அப்படியே நின்றது.
கை, கட்டில் விரிப்பைக்
கயிறு சுற்றுவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றியது.
வெளியே யாரோ தள்ளுவண்டி தள்ளிப் போனார்கள்.
பிறகு, தெளிவாக:
"மண்டூர்."

சிரித்தார்.
"பிழை என்ன? ஆனா இறங்கிட்டன்."

பஸ்மிலாவின் பேனை கொஞ்ச நேரம் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்றது.
பிழையில் போட்டாள். போடத்தானே வேணும்.

இரண்டு மணிக்கு அடுத்த ஆள்.
ஏறாவூர், ஏழு வயது, ஓயாத தலையிடி.
ஒலிவாங்கியை அழுத்துகிறேன்:
ஆடாமல் படுங்க மகன், சத்தம் வரும்,
பயப்பட ஒண்டுமில்லை.